மெயில், வாட்ஸ்அப், போர்ட்டல்: சின்ன ஆபீஸில் குவிவதைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமெல்லாம் ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் ஆபீஸ்கள்தான் அதிகம். ஆடிட்டர் ஆபீஸ், ரைஸ் மில் கணக்குப் பிரிவு, உர டீலர், கல்லூரி அலுவலகம், கூட்டுறவுக் கடன் சங்கம். மெயில் பார்ப்பவரே பில்லும் போடுவார், மதியம் அவரே பேங்குக்கும் போவார். பெரிய கம்பெனிகளுக்கென்று எழுதப்பட்ட யோசனைகள் இங்கே பாதிக்குமேல் பொருந்தாது. இங்கே மெயிலைவிட வாட்ஸ்அப் அதிகம், அதைவிட, "மெயில் அனுப்பினேனே, பாத்தீங்களா?" என்று கேட்கும் போன் அதிகம்.

நான் கணக்கு, வரி வேலை பார்க்கும் ஆபீஸில் இருப்பவன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். உங்கள் ஆபீஸில் வாடிக்கையாளருக்குப் பதில் மாணவரோ விவசாயியோ இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

இதற்குப் புது ஆப் எதுவும் வேண்டாம். கலெக்டர் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து நடந்துவரும் தபால் முறை போதும். டாட்டன்ஹாம் முறை என்பார்கள். வருகிற கடிதம் எல்லாம் முதலில் தபால் பிரிவுக்குப் போகும். அங்கே தேதி முத்திரை விழும், எந்தப் பிரிவுக்கு என்று பிரியும். பிரிவு எழுத்தர் அதைத் தன்பதிவேட்டில் பதிந்து எண் கொடுப்பார். வேலை முடிந்ததும் அந்த வரியில் முடிவு எழுதுவார். மாதாமாதம் அனுப்பவேண்டிய அறிக்கைகளுக்குத் தனியாகக் காலமுறைப் பதிவேடு. அரசு அலுவலகம் என்றாலே தாமதம் என்று நாம் சிரிப்போம், சரி. ஆனால் கடிதம் வந்த இடம் வேறு, வேலை நிற்கும் இடம் வேறு என்று பிரித்து வைத்தார்களே, அது நம் இன்பாக்ஸில் இல்லை. நமக்கு வந்ததெல்லாம் வந்த இடத்திலேயே கிடக்கிறது. படிக்காதது, படித்துவிட்டு விட்டது, செய்ய வேண்டியது, செய்து முடித்தது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. மூச்சு முட்டுவது எண்ணிக்கையால் அல்ல, இந்தக் கலப்பால்தான்.

படி 1: எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வையுங்கள். காலையிலிருந்து மாலை வரை எது வந்தாலும் எந்த வழியில் வந்தது என்று ஒரு கோடு போடுங்கள்: ஆபீஸ் மெயில், சொந்த மெயில், வாட்ஸ்அப் தனிச் செய்தி, வாட்ஸ்அப் குரூப், எஸ்எம்எஸ், போர்ட்டல் (அரசு இணையதளம்) அறிவிப்பு, போன், நேரில் வந்த காகிதம். பக்கத்திலேயே மூன்று எழுத்தில் ஒன்று. வேலை சொல்வது என்றால் 'வே'. தெரிந்துகொண்டால் போதும் என்றால் 'த'. சும்மா வந்தது என்றால் 'சு'.

சாதாரண நாளில் செய்யாதீர்கள். நெருக்கடியான நாளில் செய்யுங்கள். எங்களுக்கு அது 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும்: மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்களான ஜிஎஸ்டிஆர்-1க்கும் 3பிக்கும் கடைசி நாள். கல்லூரிக்கு அட்மிஷன் நேரம். நெல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தையும் மாசியும், சம்பா அறுப்பு. அந்த நாளின் தாளைப் பார்த்தால் வெட்ட வேண்டியது எது என்று தானாகத் தெரியும். பெரும்பாலும் 'சு' நிறைய இருக்கும், 'வே' நீங்கள் பயந்ததைவிடக் குறைவாக இருக்கும்.

படி 2: வாசலிலேயே தடுங்கள்

விளம்பர மெயிலைத் தினமும் டெலீட் செய்வது தினமும் செய்யும் வேலையாகிவிடும். ஒரே தடவை அன்சப்ஸ்கிரைப் அழுத்துங்கள். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் வரும். யாரென்றே தெரியாத மெயிலில் மட்டும், கீழே உள்ள அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடாதீர்கள். ஸ்பேம் என்று குறித்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது ஃபில்டர். ஜிமெயிலில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு படிவம் திறக்கும். அனுப்புநர் முகவரியைப் போட்டு 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்தால், அந்த மெயில் இன்பாக்ஸுக்கு வராமல் ஒரு லேபிளுக்குள் போய் உட்காரும்படி செய்யலாம். அவுட்லுக்கில் இதற்கு 'ரூல்ஸ்' என்று பெயர். பேங்க் ஸ்டேட்மென்ட், கூரியர் தகவல், மென்பொருள் நிறுவனத்தின் செய்திமடல், ரயில் டிக்கெட் எல்லாம் 'த' வகை. தேவைப்படும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம், வாசலில் நிற்க வேண்டியதில்லை.

வரித்துறை மெயில்களுக்கு மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அவற்றுக்கு நேர்மாறான ஃபில்டர் போடுங்கள்: எப்போதும் இன்பாக்ஸில் வரட்டும், முக்கியம் என்ற குறியோடும் சிவப்பு லேபிளோடும் வரட்டும்.

ஆடிட்டர் ஆபீஸ்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு தலைவலி. ஜிஎஸ்டி பதிவு எடுக்கும்போது அவசரத்துக்கு ஆபீஸ் மெயில் முகவரியையே கொடுத்துவிடுவது வழக்கம். நாளாவட்டத்தில் அறுபது எழுபது கடைகளின் நோட்டீஸும் ஓடிபியும் ஒரே இன்பாக்ஸில் விழும். எது யாருடையது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் பெயரில் ஒரு மெயில் இருக்கட்டும், போர்ட்டலில் அதையே பதியுங்கள். அந்த மெயிலிலிருந்து வரித்துறைக் கடிதங்கள் மட்டும் உங்கள் ஆபீஸுக்கு ஃபார்வர்டு ஆகும்படி செய்யலாம். ஃபார்வர்டு செய்யும் முகவரியை ஒருமுறை உறுதிப்படுத்தச் சொல்லும், அவ்வளவுதான். நாளைக்கு அவர் ஆடிட்டரை மாற்றினாலும் இரண்டு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

படி 3: தபால் நேரம் வையுங்கள்

தபால் பிரிவில் கடிதம் வரவர யாரும் எழுந்து ஓடுவதில்லை. நமக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு 'டிங்'குக்கும் தலை திரும்புகிறது? கம்ப்யூட்டரிலும் போனிலும் மெயில் அறிவிப்பை நிறுத்துங்கள். காலை பத்தரை, மதியம் இரண்டரை, மாலை ஐந்து என்று மூன்று வேளை வைத்தால் பெரும்பாலான ஆபீஸுக்குப் போதும். முதல் வேளை, வந்தவுடன் ஒன்பதரைக்கு வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் அன்றைய கனமான வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மெயிலைத் திறந்தபிறகு அந்த நாள் உங்களுடையது இல்லை.

"சார் அனுப்பினால் உடனே பதில் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான், நம் ஊரில் இதுதான் உண்மையான சிக்கல். முதலாளிக்குத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. அவரிடம் போய், "சார், இனிமேல் மெயில் மூணு வேளைதான் பார்க்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் முறைப்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், 20ஆம் தேதி வேலை முடியும் வரைக்கும் மெயிலை மூணு வேளை பாக்குறேன். அவசரம்னா நீங்க போன் பண்ணுங்க, உடனே எடுத்துடுவேன். மெயில்ல வந்தது எதுவும் அன்னிக்கு சாயங்காலத்தைத் தாண்டாது." அவருக்கு வேண்டியது வேகம் இல்லை, எதுவும் விட்டுப்போகாது என்ற உறுதி. அது கிடைத்துவிட்டால் முதல் மாதத்துக்குப்பிறகு அவரே கேட்கமாட்டார்.

வாடிக்கையாளர்களுக்கும் இதே ஒப்பந்தம்: அவசரம் என்றால் போன். கொஞ்ச நாள் எல்லாமே அவசரமாகத்தான் இருக்கும். பிறகு அடங்கும்.

படி 4: திறந்ததை அப்படியே மூடாதீர்கள், பதிவேடு போடுங்கள்

இதை மட்டும் செய்து மற்றதையெல்லாம் விட்டாலும் பாதிப் பாரம் குறையும். தபால் நேரத்தில் ஒரு மெயிலைத் திறந்தால் அதற்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிகிற பதில் என்றால் அங்கேயே முடியுங்கள். வேறொருவர் செய்ய வேண்டியது என்றால் அனுப்பிவிடுங்கள். தெரிந்துகொண்டால் போதும் என்றால் படித்துவிட்டு ஆர்க்கைவ், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் நகர்த்துவது. நேரம் எடுக்கிற வேலை என்றால் பதிவேட்டில் ஒரு வரி, அப்புறம் அதையும் ஆர்க்கைவ்.

பதிவேடு கூகுள் ஷீட்டாக இருக்கலாம், நீள நோட்டாகவும் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் இன்னும் நீள நோட்டுதான் ஜெயிக்கிறது, ஏனென்றால் கரன்ட் போனாலும் திறக்கும். கட்டங்கள் ஆறு போதும்: வரிசை எண், வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன வேலை, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள். முடிந்ததும் அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து முடித்த தேதியை எழுதுங்கள்.

'என்ன வேலை' என்ற கட்டத்தில்தான் பலர் சறுக்குவார்கள். "மில் மெயில்" என்று எழுதி வைத்தால் மூன்று நாள் கழித்து மறுபடி மெயிலைத் திறந்து படிக்க வேண்டும். "மில்: நோட்டீஸுக்குப் பதில் தயார் செய்ய, முதலில் கொள்முதல் பட்டியல் கேட்க" என்று வினைச்சொல்லோடு எழுதுங்கள். அடுத்து கை வைக்க வேண்டியது எது என்று வரியைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

மாதாமாதம் வருவதற்கு, அரசு ஆபீஸ் மாதிரியே, நோட்டின் கடைசிப் பக்கங்களில் காலமுறைப் பதிவேடு. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி), 11, 20 ஜிஎஸ்டி, பிறகு பிஎஃப், வாடகை, இன்சூரன்ஸ் தவணை என்று தேதிவாரியாக ஒருமுறை எழுதிவிட்டால், நினைவூட்டும் மெயில்களையும் எஸ்எம்எஸ்களையும் பயமில்லாமல் ஃபில்டரில் தள்ளலாம். நினைவூட்டல் வந்துகொண்டே இருப்பதற்கு ஒரு காரணம், நாம் அதை நம்பி உட்கார்ந்திருப்பது.

சனிக்கிழமை மாலை ஒருவர் பதிவேட்டை மேலிருந்து கீழே படிக்க வேண்டும். சுழிக்காத வரி எதுவோ அதைச் சத்தமாகப் படித்தால் போதும். கூட்டம் போட வேண்டாம்.

படி 5: வாட்ஸ்அப், அதாவது உண்மையான வெள்ளம்

முதலில் ஆபீஸ் நம்பரையும் சொந்த நம்பரையும் பிரியுங்கள். ஆபீஸ் நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டால் 'பில் வந்தது', 'பணம் பாக்கி', 'பதில் சொல்ல வேண்டும்' என்று லேபிள் போடலாம், அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைக்கலாம், ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு தானாகப் பதில் போகச் செய்யலாம். இரவு பத்து மணிக்கு, "தம்பி, அந்த பில்லு என்னாச்சு?" என்று மில் அண்ணன் அனுப்பினால், "வணக்கம். காலை 10 மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறோம். அவசரமென்றால் போன் செய்யவும்" என்று அதுவே சொல்லிவிடும். அண்ணனும் கோபித்துக்கொள்ளமாட்டார், அவருக்கும் அது இயந்திரம் என்று தெரியும்.

குரூப்களை மூன்றாகப் பிரியுங்கள். குடும்பம், தெரு, பள்ளி நண்பர்கள், கோயில் திருப்பணி எல்லாம் 'எப்போதும்' மியூட் செய்து ஆர்க்கைவில். காலை வணக்கப் படங்கள் போனை நிரப்பாமல் இருக்க, மீடியா தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்துங்கள். தொழில் சங்க குரூப்கள் மியூட், தபால் நேரத்தில் ஒரு பார்வை. மேலதிகாரி இருக்கும் குரூப்தான் கஷ்டம். கூட்டுறவுச் சங்கத்திலும் பள்ளியிலும் "இன்று மாலைக்குள் விவரம் அனுப்பவும்" என்று அதில்தான் வரும். அதற்குச் சத்தத்தை மட்டும் நிறுத்தி, குரூப்பை மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். ஒரு குரூப்பை ஐந்து பேரும் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் வந்ததைப் பதிவேட்டில் ஏற்றினால் மற்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நீங்களே நடத்தும் குரூப் என்றால், அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். கடைசித் தேதியைச் சொல்ல ஒரு செய்தி, அதற்கு நாற்பது கும்பிடு என்ற நிலை அதோடு போகும்.

பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடித்த பில், அதன்மேல் கட்டைவிரல், ஜிஎஸ்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நிழலில். திரும்பக் கேட்டால் மறுபடி அதே போட்டோ. வாடிக்கையாளருக்கு ஒரே ஒருமுறை நேரில் உட்கார்ந்து காட்டுங்கள்: போனில் ஸ்கேன் செய்வது எப்படி, அதைப் போட்டோவாக இல்லாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புவது எப்படி. அப்படி அனுப்பினால் தெளிவு குறையாது. தொகையை வாய்ஸ் மெசேஜில் சொல்வதையும் ஏற்காதீர்கள். பதினைந்தா, ஐம்பதா என்று மூன்று தடவை கேட்கும் நேரத்தில் அவர் எழுதியே அனுப்பியிருக்கலாம்.

படி 6: திரும்பி வராத மாதிரி எழுதுங்கள்

நமக்கு வருகிற மெயிலில் ஒரு பங்கு நாம் அனுப்பிய அரைகுறை மெயிலுக்கு வந்த சந்தேகம்தான். தலைப்பில் "அவசரம்", உள்ளே "அய்யா, பில் சில வரவில்லை, பார்த்து அனுப்பவும்" என்று போட்டால், எந்த பில், எந்த மாதம், எப்போது என்று மூன்று கேள்வி திரும்பி வரும். அதையே இப்படி எழுதலாம்:

தலைப்பு: ஜூன் மாத ஜிஎஸ்டி, இரண்டு பில் தேவை, ஜூலை 15க்குள்.

"அய்யா, வணக்கம். ஜூன் மாதக் கொள்முதலில் சாக்கு வாங்கிய பில்லும், மெஷின் பெல்ட் வாங்கிய பில்லும் வரவில்லை. ஜூலை 15 மாலைக்குள் பிடிஎஃப் ஆக, இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பவும். வராவிட்டால் இந்த இரண்டு பில்லுக்கும் உள்ளீட்டு வரியை இந்த மாதம் எடுக்க முடியாது."

என்ன, எப்போது, எந்த வழியில், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு மெயிலில் ஒரு விஷயம் மட்டும். இரண்டு விஷயம் எழுதினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். நகல் போடுவதில் சிக்கனம் வேண்டும்; 'எதற்கும் இருக்கட்டும்' என்று நான்கு பேருக்கு நகல் போட்டால் நான்கு இன்பாக்ஸில் குப்பை. ராத்திரி உட்கார்ந்து எழுதினாலும் 'ஷெட்யூல் சென்ட்' போட்டுக் காலையில் போகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி பதில் சொல்லும் ஆபீஸ் என்று பெயராகிவிடும்.

படி 7: பழைய குவியல்

பத்தாயிரம் மெயில் கிடக்கிறதா? உட்கார்ந்து பிரிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முந்தையதை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் என்றால் அழிப்பது அல்ல. இன்பாக்ஸிலிருந்து நகர்ந்துவிடும், தேடினால் வரும். டெலீட் செய்தது ஜிமெயிலில் 30 நாளில் போயே போய்விடும்.

டெலீட்டில் நிதானம் வேண்டும். தாலுகா ஆபீஸில் கோப்பை முடிக்கும்போதே எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று வகை போட்டுவிடுவார்கள். நமக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில் இணைப்புள்ள மெயிலை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டு அப்புறம் தேடக்கூடாது. இலவச ஜிமெயிலின் 15 ஜிபி, மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். நிறைந்துவிட்டால் புது மெயில் வராது. பெரும்பாலும் இடத்தை அடைத்திருப்பது பில் அல்ல, ஆபீஸ் கணக்கிலேயே ஏறிவிட்ட கல்யாண வீடியோ. அதை முதலில் நகர்த்துங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு வரி போதும்: வருடம், மாதம், வாடிக்கையாளர், என்ன கோப்பு என்ற வரிசையில். "நியூ ஃபைனல் 2" என்ற பெயரை ஆபீஸிலிருந்தே ஒழியுங்கள்.

படி 8: மழைக்காலத் தகவல்

இது டெல்டாவுக்கே உரிய பாரம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே புயல் படம் பத்து குரூப்பில் வரும், அதில் பாதி போன வருடத்துப் படம். பள்ளி விடுமுறை, பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதி நீட்டிப்பு, நேரடி கொள்முதல் நிலையம் திறப்பு எல்லாம் இப்படித்தான் சுற்றும். விவசாயிகள் வந்து போகும் ஆபீஸ் என்றால் ஒவ்வொருவரும் அதையே கேட்பார்கள்.

ஒரு விஷயத்துக்கு ஒரே ஒரு மூலம் என்று முடிவு செய்யுங்கள். மழைக்குச் சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கை, விடுமுறைக்கு மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு, காப்பீட்டுக்கு வேளாண் துறையோ கடன் சங்கமோ. சுற்றறிக்கை என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது விஷயத்தை அல்ல, மேலே உள்ள தேதியையும் கடித எண்ணையும். இரண்டும் வெட்டப்பட்டிருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். உறுதியானதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிட்டால், அதே கேள்விக்கு இருபது தடவை பதில் சொல்வது மிச்சம்.

குவியலில்தான் மோசடியும் ஒளிந்து வரும். "ரீஃபண்ட் வந்திருக்கிறது" என்ற மெயில், கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்). அவசரத்தில் இருக்கும் கைதான் தொடும். ஏபிகே என்று முடிந்தால் யார் அனுப்பியிருந்தாலும் திறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

படி 9: லீவில் போகும்போது

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து, இரண்டு நாள் மெயில் படிப்பது என்ன லீவு? போவதற்கு முதல் நாள் பதிவேட்டில் சுழிக்காத வரிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பார்ப்பார் என்று பெயர் எழுதுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் 'வெகேஷன் ரெஸ்பாண்டர்' இருக்கிறது. தொடங்கும் தேதி, முடியும் தேதி போட்டுவிடலாம். "விடுமுறையில் உள்ளேன்" என்று மட்டும் எழுதினால் அவர் உடனே போன் செய்வார். யாரிடம் கேட்க வேண்டும் என்றும், எது காத்திருக்கலாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்:

"வணக்கம். ஜனவரி 14 முதல் 17 வரை விடுமுறையில் இருக்கிறேன். 20ஆம் தேதி ஜிஎஸ்டி தொடர்பான பில்களை ஆபீஸ் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பவும், அங்கே பார்த்துக்கொள்வார்கள். மற்றவற்றுக்கு 18ஆம் தேதி பதில் சொல்கிறேன்."

முடியும் தேதியைப் போட மறந்துவிடாதீர்கள். மாட்டுப் பொங்கல் லீவு மாசி வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.